சட்டமும் தந்தார், வீடும் தந்தார்: வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி

நமது கல்லூரி இதழில் ஆண்டுதோறும் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவதுண்டு. இம்முறை அதனைப் பழைய மாணவி ஒருவர் எழுதட்டும் என்று இதழாசிரியர் குழு விரும்பியது. எழுதச் சம்மதித்தவுடன் என் மனத்தில் வந்த பெயர் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி. பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தேவதாசி முறை ஒழியக் காரணமானவர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் அவரை நீங்கள் இரண்டு வரியில் படித்திருப்பீர்கள். அந்த இரண்டு வரிக்குள் அடங்காத ஒரு விடயத்துக்காகவே அவரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி. நீதிமன்ற வேலைகளுக்கிடையே, குச்சவெளிப் பிரதேசத்துக் கிராமங்களில் பெண்களுக்குச் சட்டத்தை விளக்கும் வகுப்புகளுக்கும் சென்று வருகிறேன். அக்கிராமங்களுள் ஒன்று திரியாய். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதி வழியே நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து வடக்கே போனால் வரும் பழைய விவசாயக் கிராமம் அது. 1985ஆம் ஆண்டு வன்செயலில் ஊரே இடம்பெயர்ந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே மக்கள் சிறிது சிறிதாகத் திரும்பினார்கள். அங்கே பொதுநோக்கு மண்டபத்தில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நான் விளக்கி முடித்தபோது, வயதில் மூத்த ஒரு பெண் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீதிமன்றம் கட்டளை தரும் என்பது சரி, ஆனால் அடிவாங்கிய அந்த இரவில் அவள் யாருடைய கதவைத் தட்டுவாள் என்பதே அவரது கேள்வி. ஆண்டுக்கணக்காகப் பிறர் வாசலில் தங்கியிருந்த ஓர் ஊரில் அப்படி ஒரு கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

சட்டத்தைப் பற்றிய கேள்விகளுள் இதுவே மிகப் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். இதே கேள்வியைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் தம் வீட்டு வாசலில் எதிர்கொண்டவர் முத்துலட்சுமி. ஒரு கையால் சட்டம் இயற்றினார், மறு கையால் கதவைத் திறந்தார். அவருடைய வாழ்க்கையை அந்தப் பார்வையில் சொல்லிப் பார்க்கிறேன்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி, அன்று தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர்.

தேவதாசி முறை என்றால் என்னவென்று நம் மாணவிகளுக்குச் சற்று விளக்க வேண்டும். தென்னிந்தியக் கோயில்களில், சில குடும்பங்களைச் சேர்ந்த பெண் குழந்தைகளைக் கோயிலுக்கென்று நேர்ந்து, பொட்டுக் கட்டி விடுவார்கள். அதன்பின் அவள் யாரையும் மணக்க முடியாது. கோயிலில் ஆடவும் பாடவும் அவளுக்குப் பயிற்சி கிடைக்கும். அப்பணிக்கு ஊதியமாக அவள் குடும்பத்துக்குக் கோயில் நிலம் மானியமாக வழங்கப்படும். தமிழிசையும் நடனமும் பல தலைமுறைகள் இப்பெண்களிடத்தில்தான் வாழ்ந்தன. அவர்களுட் சிலர் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தார்கள். ஆனால் காலப்போக்கில், பொட்டுக் கட்டப்பட்ட சிறுமி வளர்ந்ததும் ஊரின் பணக்காரர் ஒருவரை அண்டி வாழ்வதே நியதி என்றாகிவிட்டது. அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய வயதும் அவளுக்கு அப்போது இருந்ததில்லை.

அந்த வழியில் மகள் போகக் கூடாது என்பதில் பெற்றோர் உறுதியாக இருந்தனர். எனினும் பருவமடைந்த பெண் பள்ளிக்குப் போவது அக்காலத்து வழக்கமன்று. மகளுக்கு நல்ல இடத்தில் திருமணம் முடித்து வைக்க வேண்டும் என்ற கவலை தாயாருக்கு. படிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை தந்தையாருக்கு. முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் தேறினார். அடுத்துக் கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டும். ஒரு பெண்ணை, அதுவும் இந்தத் தாயின் மகளை, அங்கே சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார். அக்கல்லூரியின் முதல் மாணவி அவர்தான்.

பின்னர் 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு பதக்கங்களுடன் பட்டம் பெற்று வெளியேறினார். சென்னையில் மகப்பேற்று வைத்தியசாலையில் உள்ளக வைத்தியராக நியமனம் பெற்ற முதற் பெண் அவரே. அங்கே அவர் கண்டவை புத்தகத்தில் இல்லாதவை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை பெற வந்து உயிர் விடும் சிறுமிகள். கணவனால் கைவிடப்பட்டு, கையிற் குழந்தையுடன் திரும்பிப் போக இடமில்லாதவர்கள். ஒரு வைத்தியருக்கு முன்னால் மட்டுமே பெண் தன் உடலில் உள்ள காயத்தைக் காட்டிய காலம் அது. பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அவர் பேசியவை யாவும் இந்த வைத்தியசாலைக் கட்டில்களிலிருந்து பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய திருமணத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. திருமணத்தில் அவருக்கு அதிக நாட்டம் இருக்கவில்லை. 1914ஆம் ஆண்டு வைத்தியர் சுந்தர ரெட்டியை மணக்க இணங்கியபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். மணமகன் ஏற்றுக்கொண்டார். நிக்காஹ் ஓர் ஒப்பந்தம், அதில் பெண்ணும் நிபந்தனை வைக்கலாம் என்று கற்றிருக்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் நம்மில் எத்தனை பேர் உண்மையில் நிபந்தனை வைத்துக் கைச்சாத்திடுகிறோம் என்று யோசித்தால் அவருடைய துணிவு விளங்கும். சுந்தர ரெட்டி கடைசிவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனைவி வெளிநாடு சென்று ஆய்வு செய்வதற்கும், பொது வாழ்வில் இறங்குவதற்கும் அவர் துணையாக நின்றார். இவர்களுக்கு ஆண் மக்கள் இருவர்.

1925ஆம் ஆண்டு பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேலும் கற்பதற்காக இலண்டன் சென்றார். அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும் அவரைச் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் முயற்சி எடுத்தது. 1917ஆம் ஆண்டு அடையாறில் தோன்றிய அச்சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான டொரதி ஜினராஜதாச, இலங்கையில் பிறந்த பிரம்மஞான சபைத் தலைவர் ஜினராஜதாசவின் மனைவி. வைத்தியத் தொழிலை விட்டு அரசியலுக்குப் போவதா என்று முத்துலட்சுமி முதலில் தயங்கினார். பிறகு ஏற்றுக்கொண்டார். சட்டமன்றம் கூடியபோது உறுப்பினர்கள் ஏகமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். உலகில் ஒரு சட்டமன்றத்தில் அப்பதவியை வகித்த முதற் பெண் அவர் என்பர்.

அங்கே இருந்த சில ஆண்டுகளில் அவர் தொட்ட விடயங்கள் பல. சிறுவர் திருமணத்தைத் தடுக்கவும், திருமண வயதை உயர்த்தவும் வேண்டும் என்று வாதாடினார். இந்தியா முழுமைக்குமான சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டு நிறைவேறி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்த வயதை வகுத்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்தியசாலை வேண்டும் என்றார். முஸ்லிம் மாணவிகள் தங்கிப் படிப்பதற்கு விடுதி வேண்டும் என்றும், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்கு உதவிப் பணம் வேண்டும் என்றும் குரல் கொடுத்தார். பர்தா முறையைப் பேணும் ஒரு குடும்பம் தன் மகளை நகரத்துக்கு அனுப்பிப் படிக்க வைக்க, அவள் பாதுகாப்பாகத் தங்கும் இடம் ஒன்று வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படிப்போ பாதுகாப்போ, எதைப் பேசினாலும் அவர் கடைசியில் ஒரு கூரையைப் பற்றியே பேசினார் என்பதைக் கவனியுங்கள்.

இனி அவரது பெரிய போராட்டத்துக்கு வருவோம். பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டமே இருக்கவில்லை என்று எண்ண வேண்டாம். சிறுமி ஒருத்தியைத் தகாத தொழிலுக்கென ஒப்படைப்பது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக் கோவையின்படியே குற்றம். ஆனால் அக்குற்றத்தை நிரூபிக்க, ஒப்படைத்தவரின் நோக்கம் இன்னது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். கோயிலில் நடந்தது சமயச் சடங்கு என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். முறைப்பாடு செய்ய வேண்டியவர்களும் அச்சிறுமியின் சொந்தக் குடும்பத்தவர்களே. ஆகவே சட்டம் புத்தகத்தில் இருந்தது, சிறுமிகள் தொடர்ந்து கோயிலுக்கு நேரப்பட்டார்கள். வீட்டுக்குள்ளே நடக்கும் கொடுமைகளுக்கெல்லாம் இந்த இடர்ப்பாடு பொதுவானது. சாட்சியும் வீட்டாரே, குற்றவாளியும் வீட்டாரே.

முத்துலட்சுமி இதை வைத்தியரைப் போலப் படிப்படியாக அணுகினார். 1927ஆம் ஆண்டு நவம்பரில், பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்து விடும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் முன்வைத்தார். தீர்மானம் ஏற்கப்பட்டது. எனினும் அது வெறும் பரிந்துரையே. அடுத்து அவர் கைவைத்தது நிலத்தில். கோயிற் பணி செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு இருக்கும் வரை, வயிற்றுப்பாட்டுக்காக எந்தக் குடும்பமும் அடுத்த மகளைப் பொட்டுக் கட்டாமல் விடாது. எனவே இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 1929ஆம் ஆண்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதன்படி, பணி செய்ய வேண்டும் என்ற கட்டிலிருந்து அந்நிலங்கள் விடுவிக்கப்பட்டு, அப்பெண்களுக்கே உரியவையாயின. இந்தத் திருத்தம் பலருக்கு நினைவில்லை. என்னைப் பொறுத்தவரை அவருடைய சட்ட அறிவுக்கு இதுவே சிறந்த சான்று. கொடுமையிலிருந்து வெளியே வா என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லுமுன், வெளியே வந்தால் அவள் எதை உண்பாள் என்று அவர் கேட்டார்.

1930ஆம் ஆண்டு, நேர்ந்து விடுவதையே குற்றமாக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். எதிர்ப்புப் பலமாக இருந்தது. சமய வழக்கத்தில் அரசு தலையிடலாமா என்று ஒரு சாரார் கேட்டனர். கோயிற் கலை அழிந்துவிடும் என்றனர் வேறு சிலர். தேவதாசிப் பெண்கள் பலரும் சேர்ந்து இதனை எதிர்த்து அரசுக்கு மனு அனுப்பினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண் வழியே சொத்துரிமையும், மகளைத் தத்தெடுக்கும் உரிமையும், கலைத் தேர்ச்சியும் தமக்கு இருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தம் எல்லோரையும் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று ஊர் பேசுவது அவர்களை வருத்தியது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அச்சட்டம் வந்த பின்னர் கலையையும் பிழைப்பையும் இழந்து நின்ற பெண்களும் உண்டு. மறுபுறம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்று அதே மரபிலிருந்து வந்து, ஊர் ஊராகச் சென்று அம்முறையை எதிர்த்துப் பேசிய பெண்களும் இருந்தார்கள். காப்பாற்றப் போகிறவர் காப்பாற்றப்படுகிறவரின் குரலையும் கேட்க வேண்டும் என்பதற்கு இவ்வரலாறு நல்ல பாடம்.

அதே ஆண்டு காந்தியடிகள் கைதானபோது, எதிர்ப்புத் தெரிவித்து முத்துலட்சுமி தம் பதவியைத் துறந்தார். சட்டமூலம் கிடப்பில் விழுந்தது. அது வேறு கைகளால் மீண்டும் எடுக்கப்பட்டு, தேவதாசி ஒழிப்புச் சட்டமாகச் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு 1947. அவர் முதன்முதல் தீர்மானம் கொண்டுவந்ததிலிருந்து எண்ணினால் 20 ஆண்டுகள். 1927ஆம் ஆண்டு எட்டு வயதாக இருந்த ஒரு சிறுமிக்கு, சட்டம் வந்தபோது வயது 28.

இந்த 20 ஆண்டுகளுக்கு நடுவேதான், நான் முதலிற் சொன்ன கேள்வி அவர் வாசலுக்கு வந்தது. அவர் சட்டமன்றத்தை விட்டு விலகிய காலத்தை ஒட்டி, தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்கள் மூவர், இந்த வாழ்க்கை வேண்டாம் என்று அவரைத் தேடிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். நகரத்தில் மாணவியர் விடுதிகள் இருந்தன. ஆனால் எந்தச் சாதி, எந்தக் குடும்பம் என்று கேட்டே அவை இடம் கொடுத்தன. இவர்களுக்கு எங்கும் இடமில்லை. தீர்மானமும் திருத்தமும் அன்றிரவு அவர்களுக்குப் பாய் விரிக்கப் போவதில்லை. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். இரண்டு பிள்ளைகளும், நோயாளிகளும், விருந்தினரும் நிறைந்த வீடு அது. அந்த வீட்டில் தொடங்கியதுதான் ஔவை இல்லம்.

தமிழ்ப் புலமையாலும் துணிவாலும் மன்னர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற ஔவையாரின் பெயரை அதற்குச் சூட்டினார். கைவிடப்பட்ட பெண்கள், விதவைகள், பெற்றோர் இல்லாத சிறுமிகள் என்று வந்தவர்களுக்கெல்லாம் சாதி சமயம் கேளாமல் இடம் கிடைத்தது. பின்னர் இல்லம் அடையாறுக்கு இடம்மாறியது. சோறும் கூரையும் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. எழுத்தறிவு, கைத்தொழில், ஆசிரியப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். புகலிடம் தேடி வந்தவள் ஆசிரியையாகவோ தாதியாகவோ வெளியே போக வேண்டும் என்பது அவர் எண்ணம். சட்டமன்றத்தில் அவர் முன்னின்று நிறைவேற்றிய இன்னொரு சட்டம், தகாத விடுதிகளை மூடிச் சிறுமிகளை மீட்கும் 1930ஆம் ஆண்டுச் சட்டம். மீட்ட பிறகு அச்சிறுமியை எங்கே விடுவது? இல்லங்கள் இல்லாவிட்டால் மீட்டவள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். ஔவை இல்லம் இன்றும் அடையாறில் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்து வருகிறது.

பதவியை விட்டாலும் பொதுப்பணியை அவர் விடவில்லை. அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவராக இருந்தார். மாதர் சங்கத்தின் இதழான ஸ்திரீ தர்மத்தின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1933ஆம் ஆண்டு இலண்டனில் சாட்சியம் அளித்தார். அவர் இந்தியாவுக்குக் கேட்ட சர்வசன வாக்குரிமை, நம் நாட்டுப் பெண்களுக்கு 1931ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நம் பாட்டிமாரின் பெற்றோர் காலத்திலேயே வாக்குச் சீட்டுக் கையில் வந்தது. ஆனால் வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணுக்கென்று ஒரு சட்டம் வர இன்னும் 74 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய தங்கை இளவயதிலேயே புற்றுநோயால் இறந்தார். மருத்துவம் படித்திருந்தும் காப்பாற்ற முடியாத அந்தத் துயரம் அவரை விட்டு அகலவில்லை. முதுமையில், வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் சென்று நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு அடையாறில் 12 கட்டில்களுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் வைத்தியர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த வைத்தியர் சாந்தாவும் அதனைப் பெரிதாக வளர்த்தார்கள். இலங்கையிலிருந்தும் எத்தனையோ நோயாளிகள் அங்கே சென்று வந்திருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி, 82 வயதாகச் சில நாட்களே இருக்கையில் காலமானார்.

தங்கைமாரே, இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? சட்டம் தாமதமாக வரும், ஆகவே அதனால் பயனில்லை என்றா? அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் இல்லாதிருந்தால் அந்த மூன்று பெண்களை அவர்களின் உறவினர்கள் வந்து இழுத்துச் சென்றாலும் தடுக்க வழி இராது. வீடு இல்லாதிருந்தால் சட்டம் வரும் வரை அவர்கள் எங்கே இருப்பது? இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கக் கூடாது என்பதுதான் முத்துலட்சுமியின் வாழ்க்கை.

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த அறிவு ஓரளவு இருக்கிறது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்ட பெண் தானாகவோ, அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். கணவனுக்கு எதிராக மட்டுமல்ல, தந்தை, சகோதரன் போன்ற நெருங்கிய உறவினருக்கு எதிராகவும் விண்ணப்பிக்கலாம். உடலில் காயம் இருக்க வேண்டும் என்பதில்லை, மனத்தை வதைப்பதும் அதில் அடங்கும். தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அப்பகுதி நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நீதவான் உடனடியாக இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்க வேண்டும். பின்னர் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். வீட்டுக்குள் வரக் கூடாது, வேலைத்தலத்துக்கோ பள்ளிக்கோ வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று அதில் தடை விதிக்கலாம். அவள் கேட்டுக்கொண்டால் புகலிடத்தில் தங்க ஒழுங்கு செய்து, இருக்கும் இடத்தை இரகசியமாக வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டளையை மீறினால் ஓராண்டு வரை சிறை செல்ல நேரிடும். இச்சட்டம் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவானது. காதி நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்பதற்காக நீதவானிடம் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு வெளியே, பேருந்திலோ வேலைத்தலத்திலோ வகுப்பறையிலோ நடக்கும் பாலியல் தொந்தரவு, தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சொல்லாலும் செயலாலும் செய்யும் தொந்தரவு இரண்டும் அதில் அடங்கும். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகம் போகவிருக்கும் நீங்கள் இதை மறக்கக் கூடாது.

காதி நீதிமன்றம் பற்றியும் ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, கணவனின் கொடுமைக்காக ஒரு பெண் பஸஹ் கோரலாம், பிள்ளைக்கும் தனக்கும் தாபரிப்புக் கேட்கலாம். ஆனால் அங்கே சட்டத்தரணி யாருக்காகவும் தோன்ற முடியாது. அதாவது உங்களுக்காக என்னால் பேச முடியாது. உங்கள் வழக்கை நீங்களே, திகதியோடும் சாட்சியோடும், அழாமலும் தடுமாறாமலும் எடுத்துச் சொல்ல வேண்டும். இக்கல்லூரியில் நீங்கள் கற்கும் தமிழும் பேச்சும் அங்கேதான் முதலில் உதவும். அச்சட்டத்தில் திருத்தங்கள் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. 2009ஆம் ஆண்டு நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018ஆம் ஆண்டு அறிக்கையைக் கையளித்தது. அதைப் பற்றி நம் சமூகத்தில் வெவ்வேறு கருத்துகள் உண்டு. எந்தக் கருத்தை நீங்கள் கொண்டாலும் படித்துவிட்டுக் கொள்ளுங்கள். தம் தாயின் மரபைப் பற்றி முத்துலட்சுமி பேசத் துணிந்ததைப் போல, நம்மைப் பற்றிய பேச்சில் நாமும் இருக்க வேண்டும்.

இனி, உதவிக்கு யார் என்ற பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான அவசரத் தொலைபேசி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஒழுங்கு செய்யும். வைத்தியசாலைக்குப் போனால் காயம் எப்படி வந்தது என்பதை உள்ளபடியே சொல்லிப் பதிய வையுங்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று எழுதிய அட்டை பிற்பாடு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே பேசும்.

பட்டியலின் கடைசி வரியை வெறுமையாக விட்டு வையுங்கள். அதில் எழுத வேண்டியது உங்கள் சொந்த வீட்டு விலாசம். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, வகுப்புத் தோழியோ, மாமி மகளோ ஓர் இரவில் வந்து நின்றால், என்ன நடந்தது, யார் மீது பிழை என்று வாசலில் வைத்து விசாரிக்காமல் உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுக்கும் வீடாக அது இருக்கட்டும். இன்று உம்மாவின் வீடு, நாளை உங்கள் வீடு. விசாரணையை விடிந்தபின் நீதவான் பார்த்துக்கொள்வார்.